கொழுந்து எடை நாலு இடத்துக்குப் போக வேண்டும்: எந்த இணைப்பு மென்பொருள் நமக்குச் சரி?

மாலை நாலரைக்கு, தேயிலைக் கொழுந்தைச் சேர்த்து எடை போடும் செட்டில் கடைசி மூட்டை தராசில் ஏறும். செட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எண்ணை எடைச்சீட்டில் எழுதுவார். மழை நாள் என்றால் ஈரத்துக்குக் கழிக்க வேண்டியதைக் கழிப்பார். அப்புறம் போனை எடுத்து அதே எண்ணை அனுப்புவார். அந்த ஓர் எண் லாரி டிரைவருக்குப் போக வேண்டும், ஃபேக்டரிக்குப் போக வேண்டும், எங்கள் கணக்குத் தாளில் ஏற வேண்டும், மாதக் கடைசியில் விவசாயிக்குத் தர வேண்டிய பணத்திலும் சேர வேண்டும். கோத்தகிரியைச் சுற்றி எங்கள் குழுவுக்கு ஒன்பது செட்டு. ஆபீஸில் ஆறு பேர் இருக்கிறோம், வெளியே எட்டுப் பேர்.

ஆபீஸ் முழுக்க கூகுள் வொர்க்ஸ்பேஸில் நடக்கிறது. மெயில், ஷீட், சாட் எல்லாம் அதில்தான். லாரிக்காரர்களுக்கு ஒரு டெலிகிராம் குரூப். விவசாயிகள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், அவர்களை அங்கிருந்து கிளப்புகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆக, எந்தத் தளம் என்ற கேள்வி முடிந்து வருஷக்கணக்காகிறது. இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து எண்ணைக் கடத்துகிற துணை மென்பொருள் எது என்பதில்தான் ஆறு மாதம் பேசினோம். ஸாப்பியர், மேக், என்8என், ஸோஹோ ஃப்ளோ, கூகுளுக்குள்ளேயே சின்னப் புரோகிராம் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், ஆப்ஷீட் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும், தாண்டிக்குடியில் காபி சேர்க்கிறவர்களுக்கும், பூம்பாறையில் மலைப்பூண்டு விற்கிறவர்களுக்கும் ஆபீஸ் அளவு இதேதான் இருக்கும், அதனால் பார்த்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இந்தப் பேச்சு வந்தது என்று சொல்ல வேண்டும்.

போன வருஷம் வரை இந்த வேலையை இணையத்தில் இருக்கிற ஓர் இணைப்புச் சேவை செய்துகொண்டிருந்தது. எங்களிடம் வேலை பார்த்த ஒரு தம்பி இரண்டு நாளில் அமைத்துக் கொடுத்தான். செட்டுக்காரர் கூகுள் ஃபாரத்தில் எடையைப் போட்டால் போதும், லாரி குரூப்பில் மெசேஜ் விழும், ஃபேக்டரியின் தாளில் ஒரு வரி ஏறும். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் அவனுடைய மெயில் கணக்கை மூடினோம். அதற்கு மூன்றாம் நாள் மாலை கட்டபெட்டு செட்டிலிருந்து போன் வந்தது.

“அம்மிணி, லாரி எங்க? மணி ஏழாகப் போகுது.”

“இன்னிக்கு எடையே வரலையே அண்ணா. பறிப்பு இல்லைன்னு நினைச்சோம்.”

“மூணு நாளா போட்டுட்டுத்தான் இருக்கேன். ரெண்டு நாளும் டிரைவர் வழக்கம்போல தானா வந்து எடுத்துட்டுப் போனாரு. இன்னிக்கு வேற டிரைவர் போல.”

ஓடிப்போய்ப் பார்த்தபோது மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. நடுவில் இருந்த சாக்கைப் பிரித்துக் கையை விட்டேன். உள்ளே அப்படி ஒரு சூடு. கொழுந்து ஓரத்தில் சிவக்க ஆரம்பித்திருந்தது. பறித்த அன்றே ஃபேக்டரிக்குப் போய் வாடப் போடாத கொழுந்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். அந்த நாலரைக் கிலோவும் யாரோ ஓர் அக்கா காலையிலிருந்து குனிந்து பறித்தது.

அந்தச் சேவையைக் குறை சொல்லி ஒன்றும் இல்லை. கூகுளோடு அதற்கு இருந்த தொடர்பு தம்பியின் கணக்கு வழியாகப் போனது. கணக்கு மூடியதும் தொடர்பு அறுந்தது. அறுந்துவிட்டது என்று அது மெயிலும் அனுப்பியிருக்கிறது, நாங்கள் மூடிவிட்ட அதே முகவரிக்கு.

அதனால் இந்த முறை ஒப்பிட உட்கார்ந்தபோது, எது என்னென்ன செய்யும் என்ற பட்டியலை ஓரமாக வைத்துவிட்டோம். இது நின்றுபோனால் அன்றைக்கே எங்களில் யாருக்குத் தெரியும்? தெரிந்தால் ஆபீஸில் இருப்பவர்களே சரிசெய்ய முடியுமா? இந்த இரண்டையும் முதலில் கேட்டோம். காசும் டவரும் அதற்குப் பிறகு வந்தன.

ஸாப்பியரில் இருந்து தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். 2011ல் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான ஆப்களை ஒன்றோடொன்று இணைக்கும். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம், அந்த வகையில் இதை மிஞ்ச ஆளில்லை. இலவசத் திட்டத்தில் மாதம் 100 வேலைகள். வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு செயலும் ஒரு வேலை என்று கணக்கு. எங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒன்பது செட்டு, நாளுக்கு ஒரு பதிவு, மாதம் 26 நாள் என்றால் 234 பதிவு. ஒவ்வொன்றும் லாரிக்கும் ஃபேக்டரிக்கும் கணக்குக்கும் போக வேண்டும், ஆக 702 வேலை. அது போக, இலவசத் திட்டத்தில் ஒரு தொடக்கத்துக்கு ஒரே ஒரு செயல்தான் கட்டலாம், புதிய பதிவு இருக்கிறதா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். காசு கட்டாமல் நடக்காது.

காசு கட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. டாலரில் கார்டு வழியாக மாதாமாதம் போக வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, தானாகப் பிடித்தம் ஆகும் பணத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிவு வேண்டும். அது நம் பாதுகாப்புக்கு நல்ல விதிதான். ஆனால் வெளிநாட்டுச் சேவைகளுக்குக் கட்டும்போது சில கார்டுகளில் பிடித்தம் போகாமல் திரும்பிவிடுகிறது. பிடித்தம் போகவில்லை என்றால் திட்டம் இலவசத்துக்கு இறங்கிவிடும், இணைப்பு நிற்கும். திரும்பவும் செட்டில் மூட்டை காத்துக் கிடக்கும்.

மேக் கொஞ்சம் மலிவு. இன்டெக்ரோமேட் என்ற பெயரில் செக் நாட்டில் தொடங்கி 2022ல் பெயர் மாறியது. வட்டம் வட்டமாகப் படம் போட்டு, எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இலவசமாக மாதம் 1000 அசைவுகள், அது செய்கிற ஒவ்வொரு படியும் ஓர் அசைவு. கேட்டதும் தாராளமாகத் தெரியும், ஆனால் கூகுள் ஷீட்டில் புதிய வரி வந்ததா என்று எட்டிப் பார்ப்பதையும் ஓர் அசைவாகக் கணக்கில் எடுக்கும், புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் கூட. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் நாளுக்கு 96. பதினோராம் தேதிக்குள் ஆயிரமும் தீர்ந்துவிடும், ஒரு கிலோ கொழுந்தைக்கூடக் கடத்தாமல்.

இதற்கு மாற்று வழி இருக்கிறது. மேக் எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, பதிவு வந்ததும் நம் பக்கமிருந்து அதன் கதவைத் தட்டலாம். வெப்ஹுக் என்று சொல்வது அதைத்தான். அப்படிச் செய்தால் தட்டியதை வாங்க ஒன்று, அனுப்ப மூன்று என்று ஒரு பதிவுக்கு நாலு அசைவு, 234 பதிவுக்கு 936. ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது! சீசனில் நாளுக்கு இரண்டு முறை எடை போட்டால் தாண்டும், மற்ற மாதங்களுக்குப் போதும். ஆனால் அந்தக் கதவைத் தட்ட ஃபாரத்தின் பின்னால் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் பத்து வரி எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்த அன்று எங்கள் கணக்குப்பிள்ளை அக்கா கேட்டார்: “இவ்வளவு எழுதத் தெரியுதில்ல, இன்னும் அம்பது வரி எழுதினா நடுவுல இவங்க எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கிருந்துதான் எங்கள் முடிவு திரும்பியது.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கூகுள் ஷீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தனிக் கட்டணம் கிடையாது. ஒரு முறை ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது வரம்பு, எங்களுக்குச் சில நொடிகளே தேவைப்படுகின்றன. வெளிச் சேவைக்குத் தகவல் அனுப்பும் அழைப்புக்கு நாளுக்கு இருபதாயிரம் வரை சாதாரணக் கணக்குக்கே உண்டு. ஃபாரத்தில் எடை விழுந்ததும் ஓடி, டெலிகிராமுக்கு ஒன்று, ஆபீஸ் சாட்டுக்கு ஒன்று, ஃபேக்டரி எங்களோடு பகிர்ந்த தாளில் ஒரு வரி என்று போட்டுவிடும். மொத்தம் அறுபது வரிக்குள் அடங்கியது. ஒவ்வொரு பகுதிக்கு மேலேயும் ‘இங்கே லாரிக்கு மெசேஜ் போகிறது’, ‘புதிய செட்டு சேர்ந்தால் இந்த வரியில் பெயரைச் சேர்க்கவும்’ என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். அக்கா கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. போன மாதம் பத்தாவதாக ஒரு செட்டைச் சோதனைக்குச் சேர்த்தபோது, அந்தக் குறிப்பைப் படித்து அவரே சேர்த்தார்.

இதிலும் அதே பழைய குழி இருக்கிறது, கவனமாக இருங்கள். ஃபாரம் வந்ததும் ஓடு என்று சொல்லும் டிரிகர், அதை அமைத்தவரின் கணக்கில்தான் ஓடும். அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும். தவறினால் வருகிற மெயிலும் அவருக்கே வரும். அதனால் யாருடைய சொந்தப் பெயரிலும் வைக்காமல், ஆபீஸுக்கு என்று ஒரு பொதுக் கணக்கு திறந்து அதில் அமைத்தோம். அதன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு மேனேஜர் போனிலும் என் போனிலும் இருக்கிறது. மெயில் எங்கள் இருவருக்கும் வந்து சேரும். ஸாப்பியரோ மேக்கோ எதை எடுத்தாலும் இதை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

கூகுள் ஃபாரத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு: நெட் இல்லாத இடத்தில் அனுப்ப முடியாது. சோலூர்மட்டம் பக்கம் எங்கள் செட்டில் மூடுபனி இறங்கிய மாலைகளில் போனில் ஒரு கோடு தெரிந்தால் பெரிது. அங்கே ஆப்ஷீட் கை கொடுத்தது. 2020ல் கூகுள் வாங்கிய ஆப் அது. எடையைப் போனிலேயே வைத்துக்கொண்டு, டவர் கிடைத்ததும் அனுப்பும். பட்டன், தலைப்பு எல்லாம் தமிழில் வைக்கலாம். பல வொர்க்ஸ்பேஸ் திட்டங்களில் அதன் அடிப்படை வசதி சேர்ந்தே வருகிறது. ஆனால் பயன்படுத்துகிற ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும் என்பதால் ஒன்பது செட்டுக்கும் கொடுத்தால் செலவு ஏறும். டவர் மோசமான இரண்டு செட்டுக்கு மட்டும் ஆபீஸ் கணக்கு திறந்து கொடுத்தோம். மற்ற ஏழும் ஃபாரத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே தாளில் வந்து சேர்வதால் பின்னால் வேலை ஒன்றுதான். ஒரே ஒரு விஷயம், ஃபாரத்துக்கு வைக்கும் டிரிகர் ஆப்ஷீட் எழுதிய வரியைப் பார்க்காது. அந்த இரண்டு செட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளைப் பார்க்கிற தனி டிரிகர் வைக்க வேண்டியிருந்தது.

ஸோஹோவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டு உலகத்துக்கு விற்கிற நிறுவனம். ரூபாயில் பில் வரும், ஜிஎஸ்டி கணக்கு நேராக இருக்கும். பேச கிளிக், இணைக்க ஃப்ளோ, பாட் (சாட்டில் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம்) எழுத டெலூஜ் என்ற அவர்களின் சொந்த மொழி என எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. புதிதாக ஆபீஸ் தொடங்குகிறவர் என்னைக் கேட்டால், கூகுளுக்குப் போகும் முன் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் போகாததற்கு ஒரே காரணம், ஏழு வருஷக் கணக்குத் தாள்கள் கூகுளில் கிடக்கின்றன. துணை மென்பொருளுக்காகத் தளத்தையே மாற்றுவது, கதவு சரியில்லை என்று வீட்டை மாற்றுவது போல.

என்8என் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது. பெர்லினில் 2019ல் தொடங்கியது. நம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே போட்டு ஓட்டலாம், எத்தனை முறை ஓடினாலும் கட்டணம் இல்லை, விவசாயிகளின் விவரம் நம் கையை விட்டு வெளியே போகாது. ஆபீஸில் சும்மா இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் எப்படிக் கொட்டும் என்று தெரியும். மரம் கம்பியில் விழுந்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. யுபிஎஸ் மூன்று மணி நேரம் தாங்கியது. மும்பையில் வாடகைக்கு சர்வர் எடுத்தால் கரண்ட் பிரச்சினை தீரும். ஆனால் மாதாமாதம் அப்டேட் போட, பேக்கப் எடுக்க ஆள் வேண்டும். அது நம்முடைய பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரு ரகசியச் சாவியால் பூட்டி வைக்கிறது. பேக்கப் இருந்து அந்தச் சாவி தொலைந்தால், எல்லாக் கணக்குகளையும் மறுபடி ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். இதைத் தெரிந்த ஒருவர் நிரந்தரமாக உங்களோடு இருந்தால் இதை எடுங்கள், சந்தோஷமாக எடுங்கள். எங்களோடு இருந்தவர் கோயம்புத்தூர் போய்விட்டார்.

வாட்ஸ்அப் குரூப்பில் தானாக மெசேஜ் போடும் ஆப் என்று சிலர் விற்க வருவார்கள். பின்னால் பெரும்பாலும் வாட்ஸ்அப் வெப்பை ஒரு புரோகிராம் ஓட்டிக்கொண்டிருக்கும். அது அவர்களின் விதிக்குப் புறம்பு. நம்பரைத் தடை செய்தால் விவசாயிகள் பத்து வருஷமாகச் சேமித்து வைத்திருக்கிற நம்பர் போய்விடும். வேண்டாம். முறையான பிசினஸ் வழி இருக்கிறது. நாமாக அனுப்பும் மெசேஜுக்கு 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கட்டணம். மாதக் கடைசியில் பாக்கி விவரம் மட்டும் அதில் அனுப்பலாமா என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஸ்லாக்கிலோ டீம்ஸிலோ இருக்கிற ஆபீஸ்களுக்கு இரண்டு வார்த்தை. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் பத்து ஆப் வரை இணைக்கலாம், பழைய பேச்சு 90 நாளுக்குத்தான் தெரியும். அதனால் கணக்கு எதையும் அங்கேயே விட்டு வைக்காதீர்கள். டீம்ஸில் வெளி ஆப்களை இணைக்க வெகுநாளாக இருந்த கனெக்டர் வசதியை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் அறிவித்தது. தேதி பிறகு தள்ளிப்போனாலும், அதை நம்பிக் கட்டியவர்கள் எல்லோரும் வொர்க்ஃப்ளோஸ் என்ற வேறு வசதிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால் ஹிப்சாட் என்று ஓர் ஆபீஸ் சாட் இருந்தது. 2018ல் அட்லாசியன் அதை ஸ்லாக்குக்கு விற்றது, 2019 பிப்ரவரியில் மூடியாயிற்று. அதற்கென்று எழுதிய ஆட்-ஆன்களும் அதோடு முடிந்தன. எந்தத் துணை மென்பொருளை எடுத்தாலும், தளமே நாளை கையை விரித்தால் நம்மிடம் என்ன மிஞ்சும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எங்களிடம் தினமும் ஷீட்டில் ஏறுகிற எண்ணும், செட்டில் தாளில் எழுதிய எடைச்சீட்டும் மிஞ்சும்.

அனுமதி கேட்கும் திரையையும் அவசரமாகத் தாண்டாதீர்கள். ஒரு தாளில் வரி சேர்க்க வந்த ஆப், உங்கள் டிரைவ் முழுவதையும் படிக்கவும் அழிக்கவும் அனுமதி கேட்கும். 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் டிரிஃப்ட் என்ற சாட் மென்பொருளிடமிருந்து அனுமதிச் சாவிகளைத் திருடி, அதை இணைத்திருந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் விவர மென்பொருளில் வைத்திருந்த தகவல்களை எடுத்தார்கள். அந்த நிறுவனங்களின் சொந்தப் பாஸ்வேர்டை யாரும் உடைக்கவில்லை. நம் தாளில் விவசாயியின் பெயர், வங்கிக் கணக்கு, நிலத்தின் அளவு எல்லாம் இருக்கிறது. வங்கிக் கணக்கை அன்றே தனித் தாளுக்கு எடுத்துவிட்டோம், எந்த இணைப்பும் தொடாத தாள் அது. மீட்டிங்கில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கும் ஏஐ ஆப்களையும் இதே காரணத்தால் உள்ளே விடவில்லை.

எங்கள் முடிவு இது: ஆப்ஸ் ஸ்கிரிப்ட், இரண்டு செட்டுக்கு ஆப்ஷீட், வெளிச் சேவை எதுவும் இப்போதைக்கு இல்லை. புரோகிராம் எழுத யாருமே இல்லாத ஆபீஸ் என்றால், அந்தப் பத்து வரியை மட்டும் வெளியே யாரிடமாவது எழுதி வாங்கிக்கொண்டு மேக்கை வெப்ஹுக் வழியில் எடுக்கச் சொல்வேன், பொதுக் கணக்கின் பெயரில்.

நின்றுபோனால் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். தினமும் மாலை ஐந்தரையை ஒட்டி ஸ்கிரிப்ட் ஒரு மெசேஜ் போடும், எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் போடும். ஐந்தே முக்காலாகியும் அது வரவில்லை என்றால் ஸ்கிரிப்டே நின்றுவிட்டது என்று அர்த்தம், அக்கா ஒன்பது செட்டுக்கும் போன் போட ஆரம்பித்துவிடுவார். நேற்று வந்த மெசேஜ்: “மணி 5.32. எண் வந்த செட்டு 8. வராத செட்டு: சோலூர்மட்டம்.” உடனே கூப்பிட்டேன். மூன்றாவது முறை லைன் கிடைத்தது.

“டவர் இல்ல அம்மிணி, எடை போனுக்குள்ளதான் நிக்குது. எழுதிக்கோங்க, நானூத்தி பன்னெண்டு.”

எழுதிக்கொண்டேன். லாரி அரவேணுவைத் தாண்டுவதற்குள் டிரைவருக்குச் சொல்லிவிட்டேன்.